எலிச் சட்டி

உறைந்துபோன எலியைச் சூடாக்கப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் வயிறு வெடிக்கும். அசட்டையாக இருந்தால் மேலே சூடும் உள்ளே ஐஸ் கட்டியுமாக இருக்கும். முதல்நாளே பிறீசரிலிருந்து எடுத்து, பிளாஸ்ரிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். அடுத்த நாள் அது தொளதொளவென்று வந்தபிறகு, சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிப் பையோடு அமிழ்த்த வேண்டும். கொதிநீர் கூடாது. தண்ணீர் கையைச் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கும்படி சுடக்கூடாது. ஆறினால் மாற்ற வேண்டும். கடைசியில் எலியை வெளியே எடுத்து, கடதாசியால் துடைத்து, அதன் வயிற்றை என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது பால்போத்தலை இப்படித்தான் வைத்துப் பார்ப்பேன். அவனைப் பெற்ற கையோடு அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். அவனுக்குப் பால் கரைத்துக் கொடுத்து வளர்த்தது நான். அவன் வீட்டுப் பாம்புக்கு எலி சூடாக்கிக் கொடுத்ததும் நான்தான்.

இது தொண்ணூறுகளில், ரொறன்ரோவில் நடந்தது. ஊரில் என் கணவர் ஷெல் விழுந்து செத்தபிறகு எனக்குத் தம்பியை விட்டால் வேறு ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. அவன்தான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்க விட்டால்தானே! வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீர் கொடுக்கும்போதே தம்பியின் மனைவி தொடங்கிவிடுவாள். "மச்சாளை நாங்கள்தான் எடுப்பிச்சனாங்கள்." ஏதோ கடையில் சோபா எடுப்பித்ததுபோல. வந்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்து, நல்ல சோபாதான் என்பதுபோலத் தலையாட்டுவார்கள்.

அப்போது அவர்கள் மில்லிக்கனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். தம்பிக்குக் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவிக்கு ஓர் அலுவலகத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற வேலை. ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். சமையல், கூட்டல், கழுவல் எல்லாம் நான். என் படுக்கை கீழே பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்குகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில். அது ஒவ்வொரு முறையும் உறுமிக்கொண்டு எழும்பும்போது நானும் எழும்பிவிடுவேன். யன்னல் என்று ஒன்று கூரையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. குளிர்காலத்தில் அதைப் பனி மூடிவிடும். மற்றக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சப்பாத்துத் தெரியும்.

பாம்பைக் கொண்டுவந்தவள் மகள்காரி. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியின் குடும்பம் வன்கூவருக்குப் போகப் பாம்பை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். கண்ணாடித் தொட்டி, சூட்டு விளக்கு, அடியில் வைக்கிற சூட்டுப் பலகை, எல்லாவற்றோடும் வந்து வாசலில் நின்றாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. தாய்க்காரி சோபாவில் ஏறி நின்று கத்தினாள்.

"உதை உடனை கொண்டுபோய் விடடி! இதென்ன வீடோ, காடோ? நாய்க்குட்டி கேட்டதுக்கே நான் விடேல்லை, இப்ப பாம்பைக் காவிக்கொண்டு வாறாள்!"

மகள் அழுதாள். தம்பி வழமைபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இரண்டு பெண்கள் பேசும் இடத்தில் சுவர்தான் துணை. பிறகு தாய்க்காரிக்கு என்ன தோன்றியதோ, சாத்திரியாருக்குப் போன் எடுத்தாள். ஸ்காபரோவில் பலருக்கும் போனிலேயே சாதகம் பார்த்துச் சொல்லுகிற மனிதர். அவர்தான் முன்பொருமுறை மகளின் சாதகத்தில் நாகதோஷம் இருக்கிறதென்று சொல்லி இவளின் நித்திரையைக் கெடுத்தவர். இப்போது அவர் சொன்னாராம், தானாகத் தேடி வந்த நாகத்தைத் துரத்தினால் தோஷம் இரட்டிப்பாகும், வைத்து ஆதரித்தால் பிள்ளைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வருமென்று. போனை வைத்தவள் சோபாவிலிருந்து இறங்கினாள். குளித்துவிட்டு வந்து கண்ணாடித் தொட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

அது நாகபாம்பே இல்லை. ஆபிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பில் ஒரு சின்னச் சாதி. படமெடுக்கத் தெரியாது. யாராவது தும்மினாலும் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். வீட்டில் என்னைவிடப் பயந்த சீவன் அது ஒன்றுதான். நான் சொல்லிப் பார்த்தேன்.

"இஞ்சேரும், உது நாகமில்லை. மலைப்பாம்பு."

"பாம்பெண்டால் எல்லாம் ஒண்டுதான் மச்சாள். சாத்திரியாருக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்?"

சரி, தெரியாது. எனக்கு என்ன தெரியும்?

அடுத்த கேள்வி, நாகத்துக்கு யார் சாப்பாடு போடுவது. நாகம் பால் குடிக்கும் என்று தாய்க்காரி நினைத்திருந்தாள். மகள் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, எலிதான் சாப்பிடும், உறைய வைத்த எலி கடையில் விற்கிறது என்று சொன்னாள். ஆனால் மகளுக்குச் செத்த எலியைத் தொடக் குமட்டுமாம். "ப்ளீஸ் மாமி, ஐ கான்ற்," என்று என் கையைப் பிடித்தாள். பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்க மட்டும் குமட்டவில்லை. முதல்முறை தம்பிதான் துணிந்து இறங்கினான். எலியை மைக்கிறோவேவில் வைத்துப் பொத்தானை அமத்தினான். ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்த மைக்கிறோவேவை வீட்டில் வைத்திருக்க யாராலும் முடியவில்லை. றோட்டோரத்தில் கொண்டுபோய் வைத்தோம். அடுத்த நாள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாவம், எந்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் பால் சூடாகிறதோ.

அன்றைக்குத்தான் தம்பியின் மனைவி தீர்ப்புச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன்.

"நான் விளக்கேத்திற கையாலை எலியைத் தொடலாமே மச்சாள்? அவரும் தேவாரம் பாடுற மனிசன். உங்களுக்கெண்டால் பரவாயில்லைத்தானே."

ஏன் பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாலி கழற்றிய கை எந்த நல்ல காரியத்திலும் படப்போவதில்லை, அப்படியானால் எலியில் படட்டுமே. அவள் கணக்கு அது. இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தாலாவது மனது ஆறியிருக்கும். உப்புக் காணாது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். தம்பி பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சுவர் இருந்தது.

தொட்டி பேஸ்மென்றுக்கு, என் கட்டிலுக்குப் பக்கத்துக்கு வந்தது. மேலே வைத்தால் தாய்க்காரிக்கு நித்திரை வராதாம். எலி சூடாக்கவென்று பழஞ்சாமான் கடையில் கைபிடி வைத்த ஒரு எவர்சில்வர் சட்டியை நானே வாங்கினேன். அதை மேலே கொண்டுபோனதேயில்லை. உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தேன். எலி பைக்குள்தான் இருக்கும், சட்டியில் படாது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்ப்பதுபோல அதைத் தேய்த்தேன். ஊரில் எங்கள் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மீன் காய்ச்சிய சட்டியில் வெள்ளிக்கிழமை பருப்பு வைத்தால் அம்மா சட்டியோடு சேர்த்து எங்களையும் வெளியே தள்ளிவிடுவார். அந்தப் பழக்கம் எனக்கு எலியிலும் விடவில்லை.

பாம்புக்கு எலி கொடுப்பதும் ஒரு வித்தைதான். இடுக்கியால் வாலைப் பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். அது நாக்கை நீட்டும், சூட்டைத் தேடும். ஆறிய எலியென்றால் திரும்பியும் பார்க்காது. சூடு சரியாக இருந்தால் ஒரே பாய்ச்சல், மூன்று சுற்று, முடிந்தது. செத்ததை உயிருள்ளதென்று நம்பவைக்கச் சூடு ஒன்றே போதும். சாப்பிட்டபிறகு இரண்டொரு நாள் அதைத் தூக்கக்கூடாது. மகள் தூக்குவாள். அது கக்கும். நான் துடைப்பேன்.

வெள்ளிக்கிழமையில் எலி இல்லை என்று தம்பியின் மனைவி சட்டம் போட்டாள். நாகத்தின் முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு மச்சம் போடலாமா? பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் எலி வேண்டாமென்றாள். பாம்பு ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அது தன்பாட்டில் சுருண்டு கிடந்தது. இவள் கோயிலுக்குப் போய், "எங்கடை வீட்டு நாகமும் சஷ்டி பிடிக்குது," என்று சொல்லியிருக்கிறாள். நாலு பேர் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டும் போனார்கள். என் கட்டிலைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவராவது, இதில் யார் படுக்கிறது என்று கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கினார்கள். புதுக் குடியிருப்பு, ஒரே அச்சில் வார்த்ததுபோல வீடுகள், மரம் ஒன்றுமில்லை. கட்டி முடிந்ததும் தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மாடியில் நாலு அறை. கடைசி அறையின் கதவைத் திறந்து, "அக்கா, இது உங்கடை அறை," என்றான்.

கிழக்குப் பார்த்த அறை. பெரிய யன்னல். வெயில் நிலத்தில் பாய்போல விரிந்து கிடந்தது. நான் அதற்குள் போய் நின்றேன். கால் சுட்டது. கனடாவுக்கு வந்தபிறகு என் காலில் வெயில் பட்டது அன்றைக்குத்தான் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. தம்பி பயந்துபோய், "என்னக்கா, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"பிடிச்சிருக்கடா," என்றேன்.

பின்னால் நின்ற அவன் மனைவி, "முதல்லை குடிபூரல் முடியட்டும். பிறகு ஆர் ஆருக்கு எந்த அறையெண்டு பாப்பம்," என்றாள். தம்பி புதுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனாலும் அவன் வாயால் வந்த சொல் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன். யன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம், கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் எழும்பும்போது வெயில் முகத்தில் படும் என்று சட்டி தேய்க்கும்போதெல்லாம் யோசித்தேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. எல்லோரும் இருக்கிற மாடியில் எனக்கும் ஒரு கதவு. அதுதான் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூர நாள் வைத்தார்கள். பனி கரைந்து சேறாகக் கிடந்த காலம், காலை நேரம். சாமான்களை முதல்நாளே தம்பியின் சிநேகிதர்கள் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். பாம்பையும் அதன் சாமான்களையும் மட்டும் நான் என்னோடு தம்பியின் வான் வண்டியில் கொண்டுபோனேன். பாம்பு தலையணை உறைக்குள், உறை குளிர் புகாத றிஜிபோம் பெட்டிக்குள், பெட்டி என் மடியில். குளிர் படக்கூடாதே. இடுக்கி, கடதாசிச் சுருள், சட்டி எல்லாவற்றையும் ஒரு காட்போட் பெட்டியில் போட்டுக் காலடியில் வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டுத் தம்பி திரும்பினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, கோவியாதேங்கோ. பால் பொங்கும் மட்டும் வானுக்குள்ளை இருங்கோ. பிறகு வந்து கூப்பிடுறன். றிச்மண்ட் ஹில் அன்ரி எல்லாம் வந்து நிக்கினம்."

றிச்மண்ட் ஹில் அன்ரி என்பது அவன் மனைவியின் பெரிய சொந்தம். புருசன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்து வாழ்கிறவர். ரொறன்ரோவில் எந்த வீட்டில் பால் காய்ச்சினாலும் முதல் பாலை வார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணில் முதல் படுகிறது நானாக இருக்கக்கூடாதாம்.

"ஓமடா," என்றேன். எனக்கு இது பழக்கம். அறை கிடைக்கட்டும், வானில் என்ன, வான் கூரையிலும் இருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பியின் மனைவி பட்டுச்சேலையோடு சேற்றைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தாள். என்னைத்தான் கூப்பிட வருகிறாளாக்கும் என்று நான் வான் கதவைத் திறந்தேன்.

"நாகத்தைத் தாங்கோ மச்சாள். நாகம் முதல்லை உள்ளை வரவேணுமெண்டு அன்ரி சொல்லுறா."

பெட்டியைக் கொடுத்தேன். பாம்பு வீட்டுக்குள் போனது. வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்ல அதற்குக் காலும் இல்லை. பின்னாலேயே தம்பி வந்து, காலடியில் கிடந்த காட்போட் பெட்டியையும் தூக்கினான். "உதைப் பேஸ்மென்றுக்குக் கொண்டுபோய் வை தம்பி, குசினியிலை வையாதை," என்று நான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே குசினி மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

உள்ளே நடந்ததை மகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். பால் பொங்கவென்று வாங்கிய புது மண்பானையை அவிழ்த்துப் பார்த்தால் இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். ஏற்றும்போது யாரோ அதன்மேல் அரிசி மூட்டையைப் போட்டுவிட்டார்கள். சுபநேரம் போய்க்கொண்டிருக்கிறது. தாய்க்காரி பெட்டி பெட்டியாகக் கிண்டினாளாம். எந்தச் சட்டியை எடுத்தாலும் கணவாய் மணம், ஆட்டிறைச்சி மணம். அப்போதுதான் மேசையில் இருந்த பெட்டிக்குள் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு ஒரு சட்டி கிடந்தது. எடுத்து மூக்கோடு வைத்து மணந்து பார்த்தாளாம். ஒரு மணமும் இல்லை.

"இது ஒரு மச்சமும் படாத சட்டி," என்று சொல்லி அன்ரியின் கையில் கொடுத்தாளாம்.

நான் எலி சூடாக்குகிற நேரத்தில் ஒருநாளாவது பேஸ்மென்றுக்கு இறங்கி வந்திருந்தால் அவளுக்கு அந்தச் சட்டி தெரிந்திருக்கும். நான் குசினியில் நின்றிருந்தால் ஒரே எட்டில் பறித்திருப்பேன். நான்தான் வானுக்குள் இருந்தேனே!

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததாம். மிக நல்ல சகுனமென்று அன்ரி சொன்னாராம். சீனி போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அன்ரி முதலில் குடித்தார். மகள் பாம்பைத் தொட்டியில் விட்டுவிட்டு அப்போதுதான் குசினிக்குள் வந்தவள், அடுப்பில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா! உது மாமியின்ரை மௌஸ் பொட்! மாமி உதிலைதான் எலி சூடாக்கிறவ!"

வானுக்குள் இருந்த எனக்கு உள்ளே பெரிய இரைச்சல் கேட்டது. பால் பொங்கிவிட்டது, குரவை போடுகிறார்களாக்கும் என்று நினைத்துச் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு இருந்தேன். இனிக் கூப்பிடுவான். கதவு திறந்தது. அன்ரி வாசலுக்கு ஓடிவந்து சேற்றில் காறித் துப்பினார். பின்னால் தம்பி வந்தான். அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது. நடந்ததைச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுளே, நான் என்ன செய்ய? அந்தப் பட்டுச்சேலைகளும், குங்குமமும், சுபநேரமும், எல்லோர் கையிலும் ஒவ்வொரு கோப்பையும் என்று நினைத்துப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்ரி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"பாருங்கோ, சிரிக்கிறா! உது வேணுமெண்டு செய்த வேலை. தான் வாழேல்லையெண்டு மற்றவையும் வாழக்கூடாதெண்ட எரிச்சல். உவவை வீட்டுக்குள்ளை விட்டியளோ, உருப்படமாட்டியள்!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் தம்பியைப் பார்த்தேன்.

"ஏனக்கா சொல்லேல்லை, உது எலிச் சட்டியெண்டு?" என்று கேட்டான்.

"ஆரிட்டையடா சொல்ல? நான் உள்ளையே நிண்டனான்? பெட்டியைப் பேஸ்மென்றுக்குக் கொண்டுபோ எண்டு உன்னட்டைச் சொன்னனானோ இல்லையோ?"

அவனுக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். வாசலுக்குத் திரும்பி, "அக்காவிலை பிழையில்லை, நான்தான் பெட்டியைக் குசினியிலை வைச்சனான்," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் நோகுமா? பார்க்க அங்கே சுவர்கூட இல்லை, வெறும் சேறுதான் கிடந்தது. அவன் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வானை எடுத்தான். ஸ்காபரோவில் எங்கள் சின்னம்மாவின் மகள் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தாள். அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் என்னை விட்டான். "ரெண்டு நாளைக்கு அக்கா. ஐயரைக் கூப்பிட்டு ஒருக்கால் சுத்தி செய்யவேணுமாம். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போறன்," என்றான். அன்றைக்கு நான் அந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. பால் காய்ச்சியது அவள், வார்த்தது அன்ரி, பெட்டியை வைத்தது அவன். சுத்திசெய்ய வேண்டிய அழுக்கு மட்டும் நான்.

சின்னம்மாவின் மகள் நல்லவள். ஒன்றும் கேட்காமல் கூடத்தில் படுக்கை போட்டுத் தந்தாள். இரண்டு நாள் போனது. ஐயருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். அடுத்த கிழமை தம்பி வந்தான். என் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். "உங்களுக்கு உடுப்புத் தேவைப்படுமெண்டு," என்றான். தேத்தண்ணீரும் குடிக்கவில்லை. அவன் போனபிறகு சின்னம்மாவின் மகள் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பெட்டி இஞ்சை வந்தால் ஆள் அங்கை போகாதக்கா," என்றாள்.

நான் அவளோடு சண்டை பிடித்தேன். என் தம்பியைப் பற்றி உனக்கென்ன தெரியும், நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று கத்தினேன். பெட்டியை அவிழ்க்காமல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவன் அவசரமாக வந்து நின்றால் தேடிக்கொண்டிருக்கக் கூடாதே. விட்பிக்கு நானாகப் போகவும் வழியில்லை. எந்த பஸ் எங்கே போகிறதென்று தெரியாது, அவர்கள் தெருவுக்குப் பஸ்ஸும் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி உண்டோ? நான் பொறாமையில் எலி வேகவைத்த தண்ணீரைப் பாலில் கலந்தேன் என்றுவரை கதை வளர்ந்து, கோயிலைச் சுற்றி, கடைசியில் மீன் கடையில் என் காதுக்கே வந்தது. ஐயர் வந்து, சுத்தி செய்து, புதுப்பானையில் இரண்டாம் தரம் பால் காய்ச்சியதையும் அதே மீன் கடையில்தான் கேள்விப்பட்டேன். அதன் பிறகும் காத்திருந்தேன். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்ததைப் பார்க்கக் கிடைத்தது.

புல்லெல்லாம் பச்சையாகிவிட்ட ஒருநாள் பின்னேரம் போன் அடித்தது. சின்னம்மாவின் மகள் எடுத்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு என்னிடம் நீட்டினாள். தம்பியின் மனைவி.

"மச்சாள், எப்பிடி இருக்கிறீங்கள்? சுகமோ?"

அந்தக் குரலில் அப்படி ஒரு தேன். என்னதான் இருந்தாலும் சொந்தம் சொந்தம்தானே, கோபம் ஆறிவிட்டது, கூப்பிடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கையால் சேலையில் முகத்தைத் துடைத்தேன், ஏதோ அவள் என்னைப் பார்க்கப்போவதுபோல.

"சுகமாய் இருக்கிறன். நீங்கள் எல்லாரும் எப்பிடி? தம்பி நிக்கிறானே?"

"இல்லை மச்சாள், அவர் வேலைக்குப் போயிட்டார். நான் என்னத்துக்கு எடுத்தனானெண்டால்... பாம்பு சாப்பிடுதில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் ஒரு எலி தொடேல்லை. மெலிஞ்சு போச்சு. பிள்ளை அழுதுகொண்டு இருக்கிறாள். அதுக்கு ஏதும் நடந்தால் தோஷமெல்லோ? நீங்கள் எலியை எப்பிடிச் சூடாக்கிறனீங்கள்?"

நான் பதில் சொல்லுமுன் அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் பேசப் பழகும்போது முதல் சொன்ன சொல்லே 'அக்கா'தான். அது எனக்கு மாறுமா?

"வேறை கதை ஒண்டும் வைச்சுக்கொள்ளாதை. உதை மட்டும் கேட்டிட்டு வை."

சின்னம்மாவின் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதிரையை இழுத்து இருந்தேன். போனை வைத்துவிடலாம். வைத்தால் அந்தப் பாம்பு செத்துப்போகும். அது எனக்கு என்ன செய்தது? அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் செய்யாத சீவன் அது ஒன்றுதான்.

சொன்னேன். முதல்நாள் பிறிட்ஜில் வைப்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொதிநீர் கூடாதென்று, பையின் வாயை இறுக்கிக் கட்டவேண்டுமென்று, மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவேண்டுமென்று, வாலைப் பிடித்து ஆட்டவேண்டுமென்று. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டேன்.

"தொட்டியை எங்கை வைச்சிருக்கிறீர்?"

"பேஸ்மென்றிலை."

"அதுதான். புது வீட்டுப் பேஸ்மென்ற் குளிர். அது அங்கை இருந்தால் நீர் என்ன சூட்டிலை குடுத்தாலும் தின்னாது. மேலை கிழக்குப் பக்க அறை இருக்கெல்லோ, அங்கை கொண்டுபோய் வையும். அங்கை வெயில் வரும். நான் இனி அந்த அறைக்கு வரமாட்டன்."

நான் காத்திருந்தேன். ஏன் மச்சாள் அப்பிடிச் சொல்லுறீங்கள் என்று ஒரு வார்த்தை. பொய்யாகவேனும் ஒரு வார்த்தை. அவளிடமிருந்து வராவிட்டாலும் பின்னால் நிற்கிறவனிடமிருந்து.

"அட, அது எங்களுக்குத் தோணேல்லைப் பாருங்கோ மச்சாள்," என்றாள்.

"என்னவாம்?" என்று பின்னால் தம்பி கேட்டான்.

"பாம்பை மேலை, கிழக்குப் பக்க அறையிலை வைக்கட்டாம். அக்கா வரமாட்டாவாம்."

"சரி, வைப்பம்," என்றான் என் தம்பி.

பிறகு போனை வைத்துவிட்டார்கள்.